பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து பார்த்த பைக்

என் அம்மா வீடு சிறுமலையில். எங்கள் மொபெட் இரண்டு பேரைச் சுமந்து மலை ஏறாது. செங்குத்தான வளைவு வந்தால் நான் இறங்கி நடப்பேன். கணவர் மேலே போய்க் காத்திருப்பார். அதனாலேயே பெரிய பைக்குக்கு அப்படி ஏங்கினோம். மொபெட்டின் இன்சூரன்ஸில் ஒருமுறைகூட நஷ்டஈடு கேட்காததால், கடைசியில் வாங்கிய புது பைக்கின் இன்சூரன்ஸில் தள்ளுபடியும் கிடைத்தது.

கடை வாசலில் மாலை போட்டு நின்ற பைக்கில் ஆசையாக ஏறப் போனேன்.

"செத்த இருங்கக்கா," என்றார் இன்சூரன்ஸ் ஏஜென்ட். "அண்ணன்கிட்ட கியர் வண்டிக்கு எல்.எல்.ஆர். தான இருக்கு? லைசென்ஸ் வர்ற வரைக்கும் பின்னாடி ஆள் ஏத்தக் கூடாது. விழுந்தா தள்ளுபடி என்ன, இன்சூரன்ஸே கிடைக்காது."

"முக்கு வரைக்குமாச்சும் வாயேன்," என்று கெஞ்சினார் கணவர். மனதைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்தேன்.

அந்த ஞாயிறு நான் பஸ்ஸில் மலை ஏறினேன். பின்னாலேயே அவர் பைக்கில் வந்தார். கடைசி சீட்டில் உட்கார்ந்து, காலியாக வரும் என் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் மணல் சறுக்கி பைக் சாய்ந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்புதான். நான் கால் வைக்க வேண்டிய கம்பி நசுங்கிப்போயிருந்தது.

இப்போது யார் வண்டியில் கூப்பிட்டாலும் லைசென்ஸைக் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன். கணவருக்கும் லைசென்ஸ் வந்துவிட்டது. ஆனாலும் அந்த வளைவு வந்தால், "இறங்கவா?" என்று என் வாய் தானாகக் கேட்கிறது.