பதினொன்று எண்ணும் இடம்

கொல்லிமலையில் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவர் மாதேஸ்வரன். திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர் ராக் பாட்டுக்கு டிரம்ஸ் அடிக்கிறார் என்றால் மலையடிவாரத்துக் கீழ்நாட்டுக்காரர்கள் நம்புவதில்லை.

தொண்ணூற்றேழில் செடிகொடி பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவர் வீட்டில் தங்கி, போகும்போது ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஏதோ பழைய குழுவின் ஒரே பாட்டு, நாற்பத்து மூன்று நிமிஷம். தாளம் ஏழில் போகும், ஒன்பதுக்குத் தாவும். கோயில் மேளம் அடித்த கைக்கு அது கரும்பாக இனித்தது.

அந்த வருஷமே மகள் சங்கீதா விஷக்காய்ச்சலில் கிடந்தாள். "ஆத்தா, இவ எந்திரிச்சா இந்தப் பாட்டை ஒரு தட்டும் பிசகாம அஞ்சு வருஷம் நோம்பிக்கு உன் முன்னால வாசிக்கறேன்" என்று ஊர் அம்மனிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்தது. கூட்டாளிகள் மூன்று பேர் சேர்ந்தார்கள். இங்கிலீஷைத் தமிழில் எழுதிவைத்துப் பாடியவர் அர்த்தனாரி. யாராவது விளக்கம் கேட்டால், "அர்த்தம் எம்பேருலதானுங்க இருக்குது, பாட்டுல தேடாதீங்க" என்பார்.

பாட்டு நடுவில் ஒரேயடியாக அடங்கிப்போகும். பதினொன்று எண்ணினால் டொக் என்று ஒரு சத்தம். பிறகு மறுபடி கிளம்பும். மாதேஸ்வரனும் பதினொன்று எண்ணி, டிரம் விளிம்பில் குச்சியால் டொக் என்று தட்டுவார். நாலு வருஷம் கோயில் திருவிழாவுக்கு அப்படியே வாசித்தார்கள்.

ஐந்தாவது நோம்பிக்கு மைக்செட் கட்ட வந்த பேளுக்குறிச்சி குணசேகரன், மத்தியானம் ஒத்திகை கேட்டுச் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, அந்த எடம் பாட்டுலயே இல்லீங்க. இசைத்தட்டுல இருந்து கேசட்டுக்கு ஏத்தறப்ப, ஒரு பக்கம் முடிஞ்சதும் தட்டைத் திருப்பிப் போட்டிருக்காங்க. டொக்குங்கறது ஊசி விழுந்த சத்தமுங்க!"

மாதேஸ்வரன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். அப்படியானால் நாலு வருஷமும் பிசகா? வேண்டுதல் ஆத்தாளிடம் சேரவே இல்லையா? சோறு இறங்கவில்லை. நேரே பூசாரி சின்னுசாமியிடம் போனார்.

"அந்தச் சும்மா நிக்கற எடத்தை எடுத்துடறேனுங்க. மறுபடி மொதல்ல இருந்து அஞ்சு வருஷம் வாசிக்கறேன்."

"அட சாமி, கெடுத்தியே! நீ நிறுத்துனதும்தான நான் கற்பூரம் பத்தவெக்கறேன்? நீ டொக்குன்னதும்தான திரை வெலகுது? அதைய எடுத்துட்டா சனம் ஆத்தா மொகத்தை எப்பப் பாக்கும்?"

"பிசகுங்களே, பூசாரி."

"என்ன கண்ணு பிசகு? அங்க அவிங்க இசைத்தட்டைத் திருப்புனாங்க, இங்க நான் தீபத்தட்டைச் சுத்தறேன். ஒரு தட்டும் பிசகாமன்னுதான வேண்டுன? பிசகலையே!"

மாதேஸ்வரனுக்கு அப்போதுதான் பசித்தது.

சாயங்காலம் பாட்டு நடுவில் அடங்கியது. கூட்டம் கைகூப்பி நின்றது. மலைக்காற்றில் கற்பூரம் பற்றவில்லை. பத்து, பதினொன்று எண்ணியாயிற்று. குச்சியை அவர் இறக்கவில்லை. பன்னிரண்டு, பதிமூன்று. பதினாலில் சுடர் எழுந்தது. டொக்.

பாட்டு முடிந்ததும் குணசேகரன் விடவில்லை. "இன்னைக்குப் பதினாலு எண்ணுனீங்களே, அது பிசகில்லீங்களா?"

"இல்லீங்க" என்றார் மாதேஸ்வரன், நெற்றியில் திருநீறு இட்டபடி. "தட்டு திருப்ப நேரமாயிருச்சுங்க."