ருசி பார்க்க ஒரு ஆள்

முசிறியில் வாங்கிய இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு புத்தூரில் இறங்கி, கூட்டாளியின் அக்கா சபீனா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். அக்கா பழத்தை நீளமாக நறுக்கி, சர்க்கரையில் புரட்டி, சமோசா பட்டியில் சுருட்டி எண்ணெயில் போடுகிறார். பிலிப்பைன்ஸ் பலகாரமாம், பெயர் துரோன். துபாயில் அக்கா வேலை பார்த்தபோது ஒரே அறையில் கூட இருந்த லீசா கற்றுக்கொடுத்தது.

அக்காவுக்கு நோன்பு. முதலில் வெந்ததை என்னிடம் நீட்டுகிறார்.

"தின்னு பாத்து சொல்லு தம்பி."

"முசிறிப் பழத்துக்கே பாஸ்போர்ட் எடுத்துட்டீங்களேக்கா. எனக்கு எதாச்சும் ஆனா வீட்டுக்குத் தகவல் சொல்லிடுங்க."

அக்கா சிரிக்கவில்லை.

"அங்க நோன்பு நாள்ல லீசாதான் எனக்கு ருசி பாப்பா. போன மாசம் அவ ஊர்ல இறந்துட்டா. அவ தங்கச்சிக்காரி மெசேஜ் போட்டிருந்துச்சு."

கடிக்கிறேன். சர்க்கரை கருகிக் கசக்கிறது.

"நல்லா இருக்குக்கா."

என் முகத்தையே பார்க்கிறார்.

"அவளும் இப்படித்தான் சொல்லுவா. நோன்பு தொறந்து வாயில வெச்சப்புறம்தான் பொய்னு தெரியும்."

அடுப்பைக் குறைத்துவிட்டு, இன்னொன்றை என் தட்டில் வைக்கிறார்.