மலைச்சரிவில் கேட்ட விசில்

பேய், பிசாசு என்று ரூமில் யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். இப்போதும் அதையெல்லாம் நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே அமீரகத்தில், ஃபுஜைரா பக்கத்து மலையில் அன்று கேட்டதை என் காதால் கேட்டேன், அது எனக்குச் சோறு போடுகிற காது. நீங்கள் நம்பினாலும் சரி, இவனுக்கு வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று நினைத்தாலும் சரி.

நான் ரிக்கர். கிரேன் தூக்குகிற பொருளுக்குப் பக்கத்தில் நின்று, கைச் சைகையும் விசிலும் கொடுத்து அதை இறக்க வைப்பது என் வேலை. எங்கள் சைட்டில் ஒரு வழக்கம் உண்டு. விசில் விட்டு விட்டு வந்தால் சாதாரண வேலை. விடாமல் ஊதினால் யாரோ மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் யோசிக்கக் கூடாது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பழகிப் பழகி, தூக்கத்தில் கேட்டால்கூட எங்களுக்குக் கால் தானாக ஓடும்.

அந்த மலையில் மொபைல் டவர் போட வேண்டும், இடம் பார்த்து வைக்க மூன்று பேர் முன்னாலேயே போயிருந்தோம். நான், மணப்பாட்டுக்காரன் செல்வின், பிக்கப் ஓட்டுகிற பெஷாவர்க்காரர் குல் பாய். செல்வினும் ரிக்கர்தான். அவனை இந்த வேலைக்கு இழுத்து வந்ததே நான். "அவனப் பத்திக் கவலப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல" என்று அவன் அம்மாவிடம் போனில் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னவனும் நான்தான்.

சரிவில் அங்கங்கே நசுங்கிய அலுமினியத் தகடு கிடந்தது. டீ அடுப்புக்குக் காற்று மறைப்பாக வைக்கலாம் என்று செல்வின் ஒன்றை எடுத்தான். "ஹாத் மத் லகாவோ, கை வைக்காதே" என்று குல் பாய் தடுத்தார். உலகப் போர்க் காலத்தில், பயிற்சிக்குப் போன குண்டு வீச்சு விமானம் ஒன்று இந்த மலையில் மோதி விழுந்ததாம். உள்ளே இருந்தவர்கள் வேலை பழகிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பையன்களாம், ஊர்க்கார அரபி ஒருவர் அவரிடம் சொன்னாராம். "தகரத்துக்கெல்லாமா பாய் பயப்படுவீங்க?" என்று நான் கிண்டல் செய்தேன். செல்வின் மட்டும் தகட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

கோடையில் மதிய வெயிலில் வேலை செய்யக் கூடாது என்பது இங்கே சட்டம். நானும் குல் பாயும் பிக்கப்பில் ஏசியைப் போட்டுக் கண் அசந்தோம். செல்வின் வீட்டுக்குப் பேச சிக்னல் தேடி மேட்டில் ஏறினான். சிக்னல் இல்லாத இடத்தில்தானே டவர் போடுவார்கள், எங்கே கிடைக்கப் போகிறது!

விசில் சத்தத்தில்தான் விழித்தேன். விடாமல் ஊதுகிற விசில். கதவைத் திறந்தது, மேட்டில் ஏறியது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. தண்ணீர்க் கேனோடு குல் பாயும் பின்னால் ஓடி வந்தார், அதாவது அவருக்கும் கேட்டது. சத்தம் மறுபக்கப் பள்ளத்திலிருந்து வந்தது. பாதிச் சரிவு இறங்கியதும் பாறை இடுக்கில் செல்வின் கிடந்தான். கால் முறிந்திருந்தது, வேர்வை நின்றுபோய் உடம்பு கொதித்தது. வெயிலில் வேர்வை நின்றால் உயிருக்கே ஆபத்து என்று இங்கே வேலை செய்கிறவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே குல் பாயிடமிருந்து கேனைப் பிடுங்கினேன்.

தலையில் தண்ணீரை ஊற்றியதும் கண்ணைத் திறந்தான்.

"நல்லவேளடா, விசில ஊதுன" என்றேன்.

"நான் எங்கண்ணே ஊதுனேன்? நீங்க மாட்டிக்கிட்டு ஊதுதீங்கன்னுல்லா ஓடியாந்தேன்."

எங்கள் இரண்டு பேர் விசிலும் ஹெல்மெட்டோடு பிக்கப்பில் கிடந்தன. குல் பாய் பள்ளத்தின் பக்கம் திரும்பவே இல்லை. "யல்லா, ஜல்தி, சீக்கிரம்" என்று மட்டும் சொன்னார். ஆளுக்கொரு பக்கமாக அவனைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள், பிழைத்துக்கொண்டான். பாறை இடுக்கில் காற்று புகுந்த சத்தமாக இருக்கும் என்று ரூமில் சிலர் சொன்னார்கள். காற்றுக்கும் விசிலுக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் சம்பளம் வாங்குகிறேன்? அந்தக் காலத்து விமானக்காரர்கள் சட்டைக் காலரில் விசில் மாட்டியிருப்பார்கள் என்று எங்கள் என்ஜினியர் பிறகு சொன்னார். செத்துப்போன பையன்கள்தான் செல்வினைக் காப்பாற்றினார்கள் என்று இப்போது எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அவன் அம்மா அந்தப் பெயர் தெரியாத பிள்ளைகளுக்காக மாதாகோவிலில் பூசை வைத்தார்.

நானும் ஆமாம் என்று தலையாட்டி வைக்கிறேன். ஆனால் நாங்கள் செல்வினைத் தூக்கிக்கொண்டு ஏறியபோதும் அந்த விசில் நிற்கவில்லை. அவன் கிடந்த இடத்துக்கும் கீழே, பள்ளத்துக்குள்ளிருந்து, விடாமல் வந்துகொண்டே இருந்தது. அவனைக் காட்டிக்கொடுக்கத்தான் ஊதினார்கள் என்றால், அவன் கிடைத்ததும் நிறுத்தியிருக்க வேண்டுமே? என் வேலைக்காலத்தில், மாட்டிக்கொண்டவன் ஊதுகிற விசிலைக் கேட்டும் திரும்பிப் பார்க்காமல் வந்தது அந்த ஒரு முறைதான்.