பேச்சுக்குக் கீழே வாசிச்ச சாயங்காலம்

ஹால் கதவைத் திறந்ததுமே வறுத்த மீன் வாசனை... சோள மாவுல புரட்டி வறுத்த கேட்ஃபிஷ். பிப்ரவரி தூறல்ல நனைஞ்சு வந்த எனக்கு வேற நாளா இருந்தா பசி கிளம்பியிருக்கும். அன்னைக்கு இருந்த பயத்துல பசியே தெரியல.

ஹூஸ்டன்ல எம்.எஸ். படிச்சுக்கிட்டிருந்த காலம். கேம்பஸ்ல பிளாக் ஹிஸ்டரி மன்த் புரோகிராம், கறுப்பின மக்கள் தங்களோட வரலாற்றைக் கொண்டாடுற மாசம். அவங்க சர்ச் பாட்டுகளைப் பாடுற காஸ்பல் கொயருக்கு கீபோர்டு வாசிக்கிற பையன் பாஸ்கெட்பால் ஆடி விரலை ஒடிச்சுக்கிட்டான். அவனுக்குப் பதிலா... நான்!

ஊர் ஞாபகம் வந்தா மியூசிக் பில்டிங்ல சும்மா கிடந்த பியானோவை வாசிச்சுக்கிட்டிருப்பேன். கொயர் லீடர் டெனீஸ் ஒருநாள் அதைக் கேட்டுட்டா. "சர்ச்ல வாசிச்சிருக்கியா?"

"ஸ்கூல் படிக்கும்போதுலேருந்தே"ன்னேன்.

நாகர்கோவில் சர்ச்சும் அவங்க சர்ச்சும் ஒண்ணுதான்னு ரெண்டு பேருமே நினைச்சுட்டோம். அங்கதான் வினை.

முதல் ரிகர்சல்ல "நோட்ஸ் எங்க?"ன்னு கேட்டேன். மொத்த கொயரும் சிரிச்சுது. பேப்பரே கிடையாதாம். பாடுறவங்க எங்க ஆரம்பிக்கிறாங்களோ அங்க பிடிச்சுக்கிட்டுப் போகணும். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிடுச்சு.

ரூம்மேட்கிட்ட புலம்பினேன். "இது அவங்க விழாடா. வருஷம் பூரா காத்திருந்து பண்றாங்க. நான் போய் கெடுத்துத் தொலைச்சுடுவேன் போல."

"முடியாதுன்னு சொல்லிடேன்"ன்னான். டெனீஸ் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்றது?

ஆனா புரோகிராம்ல முதல் ரெண்டு பாட்டை எப்படியோ ஒப்பேத்திட்டேன். அப்புறம் ஊதா கலர் தொப்பி போட்ட ஒரு அம்மா மைக்கைப் பிடிச்சாங்க. அந்த கேம்பஸ்ல கறுப்பின மாணவர்களைச் சேர்க்க ஆரம்பிச்ச காலத்துல வந்து படிச்சவங்க.

எங்க ஊர் பழக்கம் என்னன்னா, போதகர் வாயைத் திறந்தா ஆர்கன்காரன் கையை எடுத்துடணும். அதுதான் மரியாதை. நானும் கையை மடியில வச்சு, தலையைக் குனிஞ்சு, நல்ல பிள்ளையா உட்கார்ந்துட்டேன்.

அந்தம்மா ரெண்டு வரி பேசினாங்க. நிறுத்திட்டாங்க.

நிமிர்ந்து பார்த்தா ஹாலே என்னைப் பார்க்குது. டெனீஸ் கண்ணை உருட்டி, விரலை ஆட்டி ஆட்டி ஏதோ காட்டுறா. ஒண்ணும் புரியல. போச்சு, மானம் போச்சுன்னு நினைச்சேன்.

அந்தம்மா என் பக்கம் திரும்பி, "பேபி, என்னை இங்க தனியா விட்டுட்டுப் போயிடாதே"ன்னாங்க.

எல்லாரும் சிரிச்சாங்க. அப்பதான் மண்டையில ஏறுச்சு... அவங்க பேசும்போதும் வாசிக்கணும்!

கீபோர்டுல ரெண்டு மூணு ஸ்வரத்தைச் சேர்த்து மெதுவா வாசிச்சேன். அவங்க பேச ஆரம்பிச்சாங்க. காலேஜ்ல சேர்ந்த முதல் நாள் கேஃபட்டீரியால இவங்க போய் உட்கார்ந்ததும், அந்த மேஜையில இருந்தவங்க தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போனது... அந்த வருஷம் முழுக்கத் தனியாவே சாப்பிட்டது...

குரல் தழுதழுத்தப்போ நானும் இறங்கினேன். உசந்தப்போ கூடவே ஏறினேன். பின்வரிசையிலேருந்து "யெஸ், மேம்!"னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. எங்க முடிப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுதோ, இன்னிக்கும் சொல்லத் தெரியல. அவங்க முடிச்ச இடத்துல கொயர் பாட்டை எடுத்துச்சு. என் வாசிப்பும் ஸ்வரம் பிசகாம அதோட போய் உட்கார்ந்துச்சு.

அப்பாடா!

முடிஞ்சதும் அந்தம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. "இப்படி வாசிக்க எங்க கத்துக்கிட்ட?"

"இப்பதான், மேம்."

விழுந்து விழுந்து சிரிச்சாங்க. தட்டு நிறைய கேட்ஃபிஷ் எடுத்துட்டுப் போய் அவங்க மேஜையிலயே உட்கார்ந்தேன். டெனீஸும் வந்தா. பயம் போனதுக்கப்புறம் என்னா பசி!

இப்போ ஹூஸ்டனுக்குப் பக்கத்துல சுகர் லேண்ட்ல வீடு. ஞாயித்துக்கிழமை தமிழ் சர்ச்ல நான்தான் கீபோர்டு. ஐபேட்ல நோட்ஸ் இருக்கு. போதகர் பேச ஆரம்பிச்சா கை தானா நின்னுடும். தப்பே வராது. "யூ வேர் கிரேட், அங்கிள்"னு பசங்க சொல்லிட்டுப் போகுதுங்க.

நல்லாத்தான் வாசிக்கிறேன்...

ஆனா அந்தச் சாயங்காலம் மாதிரி, ஒருத்தர் பேசுறதை அவ்வளவு காது கொடுத்துக் கேட்டு, இன்னொரு தடவை நான் வாசிச்சதே இல்லை.