எங்கள் காற்று மோட்டரின் முனகல்

காற்று விற்கும் தொழிலில் சரக்கைக் கடவுள் சும்மா தருகிறார்; அதைத் தொட்டிக்குள் அடைக்கும் மோட்டரைத்தான் எமன் அனுப்பிவைக்கிறான். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குலதெய்வத்தைக் கூப்பிட்ட சகோதரர்களே, வெள்ளவத்தை காலி வீதியில் கந்தப்பு முதலாளியின் டயர்க் கடையில் எடுபிடியாக நான் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

நிறைகுடம்

தொட்டியில் காற்றுக் குறையும்போது சுவிட்சைப் போடுவோம். மோட்டர் சுற்றாது. நாலு நாள் மலச்சிக்கல்காரர் மாதிரி "ம்ம்ம்ம்" என்று முக்கும். பிறகு பியூஸ் போகும். முதலாளி கம்பியை மாற்றினார், எண்ணெயை மாற்றினார், பட்டியைத் தளர்த்தினார். முக்கல் குறையவில்லை.

தொட்டிக் காற்றை முழுக்கத் திறந்துவிட்டால் மோட்டருக்குப் பாரம் குறையுமே என்றேன். முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"கடை திறந்திருக்கேக்க வெறும் தொட்டியோ? வாசல்ல நிறைகுடம் வைக்கிற ஆக்களடா நாங்கள், வெறுங்குடம் வைக்கிறதில்லை!"

பொரளை டாக்சி

பொரளையிலிருந்து சிங்கள டாக்சிக்கார பியதாச அய்யே காற்றுப் போன சில்லோடு வந்தார். மோட்டர் வழக்கம்போல முக்கியது. முதலாளி உள்ளே சாமிப் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். பாவமாக இருந்தது. சுவிட்சை நிறுத்திவிட்டு, "டக டக டக டக" என்று வாயாலேயே மோட்டரை ஓடவிட்டேன். உள்ளே மணி அடித்தது, கற்பூரம் எரிந்தது. பியதாச அய்யே குழாயைப் பிடித்தபடி நெடுநேரம் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மல்லி, சத்தம் ஹொந்தாய், நல்லம். டயருக்கு ஹுளங், காத்து எப்ப வாறது?"

பட்டும் பருத்தியும்

பக்கத்துப் புடவைக் கடை காதர் நானாவுக்கும் எங்களுக்கும் ஒரே மின்கம்பி. மோட்டர் முக்கினால் அவருடைய விளக்கு மங்கிச் சாகும். ஒருநாள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வந்த குடும்பம் பாதியில் எழுந்து போய்விட்டது. நானா எங்கள் வாசலுக்கு வந்தார். அந்த மூக்குக் குரலை எழுத்தில் கொண்டுவர முடியாது. நேரில் வந்தால் செய்து காட்டுகிறேன்.

"தம்பி, ஒங்கட மிஷின் மொனகினா ஏன்ட பட்டெல்லாம் பருத்தியாத் தெரியிது. வெல மட்டும் பட்டு வெலயாவே நிக்கிது. வாறவங்க என்னயக் கள்ளனப் பாக்குற மாதிரி பாக்குறாங்க!"

துரை வந்தார்

நானா மின்சாரக் கந்தோரில் முறைப்பாடு கொடுத்தார். பறங்கி இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, இன்றைக்கே மோட்டர் ஒழுங்காகத் தொடங்காவிட்டால் கரண்டை வெட்டிவிடுவேன் என்றார். வெட்டினால் கைப்பம்புதான். அதை அடிக்கும் கை என்னுடைய கை.

துரை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். மோட்டரில் குறையில்லை.

"பையன், புதுசிலே இது என்னா சத்தம் போட்டது?"

கையைக் காப்பாற்ற வேண்டுமே! முழுக்கச் செய்து காட்டினேன்: "டக டக டக டக்..." பிறகு மோட்டர் நிற்கும்போது விடுகிற பெருமூச்சு: "உஸ்ஸ்ஸ்!"

துரையின் புருவம் ஏறியது. "அந்த உஸ் இப்போ எங்கே?"

முதலாளி பெருமையோடு முன்னுக்கு வந்தார். மோட்டர் நிற்கும்போதெல்லாம் சின்னக் குழாயால் காற்று ஓடிவிடுகிறதாம், கடைக்குத் தரித்திரமாம். வேப்பங்கட்டையில் ஆப்புச் சீவி அவரே அதை அடித்து இறுக்கிவிட்டாராம்!

துரை ஆப்பைப் பிடுங்கினார். குழாய்க்குள் சிறைப்பட்டு மோட்டரை மறித்துக்கொண்டிருந்த காற்று "உஸ்" என்று போனது. தொட்டிக் காற்று போகவில்லை. சுவிட்சைப் போட்டேன். முக்கலில்லை, முனகலில்லை, சுற்றியது! நானாவின் விளக்கு கண் சிமிட்டவேயில்லை. கரண்டை வெட்டக் கொண்டுவந்த குறட்டைத் துரை பைக்குள் வைத்துக்கொண்டார். என் கை தப்பியது. முதலாளி மட்டும் அந்தச் சின்னக் குழாயையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"துரை, அந்த உஸ்ஸை ஒரு பழைய டியூப்பில பிடிச்சுக் கட்டி வைச்சால் லட்சுமி கடைக்குள்ளயே நிப்பாள்தானே?"

ஆகவே சகோதரர்களே, மோட்டர் முக்கினால் கம்பி, பட்டி, எண்ணெய் எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம், முதலில் முதலாளியைக் கழற்றிப் பாருங்கள்.