மங்கலாக வந்த படம்

செரோடோனின் என்று மூளையில் ஒரு சமாச்சாரம் உண்டு. மனசு சோர்வதற்கும் தூக்கம் கெடுவதற்கும் அதோடு சம்பந்தம் இருக்கிறது. அது போய் ஒட்டும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். அந்த ஏற்பிகளில் உட்கார்ந்து ஸ்கேனில் தெரியும்படி, கொஞ்சம் கதிர்வீச்சு ஏற்றிய ஊசி மருந்து செய்வதுதான் என் பிழைப்பு. செய்த நிமிடத்திலிருந்தே வீரியம் குறையும் சரக்கு. சென்னையிலிருந்து ஈயக் குடுவையில் வைத்து விழுப்புரம் ஸ்கேன் மையத்துக்குக் கொண்டுவருவதற்குள் பாதிக்கு மேல் போய்விடும். திண்டிவனத்தில் வண்டி நின்றால் என் வாய் சும்மா இருக்காது. டிரைவர் பாவம்.

எலிகளில் நன்றாக ஒட்டியது. அடுத்து நோயில்லாத மனிதர் ஒருவர் வேண்டும். ஊசி என்றதும் ஒத்துக்கொண்டவர்கள் எல்லாம் கழன்றுகொண்டார்கள். பெருமுக்கலில் கொத்தனாராக இருக்கும் என் அண்ணன்தான், “நான் வர்றேன், எனக்கு இன்னா ஆவப்போவுது” என்றார். இதுவும் சரிவராவிட்டால் வேலையையே மூடிவிடுவதாக எங்கள் தலைவர் சொல்லியிருந்தார்.

ஊசி போடும் முன், தினமும் ஏதாவது மாத்திரை உண்டா என்று ஸ்கேன் மைய டாக்டர் கேட்டார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சுகரு, பிரஷரு ஒண்ணும் இல்லைங்க” என்றார். எங்கள் பக்கத்தில் மாத்திரை என்றால் அந்த இரண்டுக்கும்தான். டாக்டரும் எழுதிக்கொண்டார்.

படம் மங்கலாக வந்தது. மருந்து எங்கேயும் ஒட்டவில்லை. எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

அண்ணனோடு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். “ஜல்தியா வந்துடறேன்” என்று மெடிக்கல் ஷாப்புக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அவர் வாங்கிய அட்டையில் இருந்த பெயரைப் படித்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் தரும் மாத்திரை. எங்கள் மருந்து உட்கார வேண்டிய அதே ஏற்பிகளில், பஸ் சீட்டில் துண்டு போட்ட மாதிரி, அது முன்கூட்டியே இடம் பிடித்திருக்கிறது.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. மருந்து பழுதில்லை, வேலை பிழைத்தது. அப்புறம்தான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன்.

“தூக்கமே வரல பாப்பா. மனசு ஒரு மாதிரி அடிச்சிக்கினே இருந்துச்சு. உங்க அண்ணிக்குக் கூடத் தெரியாது.”

“டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேண்ணா?”

“நீ பக்கத்துல நின்னுக்கினு இருந்தியே.”

படம் ஏன் மங்கியது என்று சொன்னேன். கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “அப்போ இத்த நிறுத்திட்டு வந்தா உன் படம் நல்லா வருமா? நிறுத்திடறேன்.”

“வேணாம்ணா” என்றேன். எனக்காக அவர் நிஜமாகவே நிறுத்திவிடுவார். அந்தப் பயத்தில் அவரோடு பெருமுக்கல் வீட்டுக்கே போனேன். சாப்பாடு முடிந்ததும், அண்ணி பாத்திரம் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போன நேரம் பார்த்து, நானே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து அவரை மாத்திரை போட வைத்தேன்.