தொடையில் தட்டிய தாளம்

ஒரு பியானோ கச்சேரிக்கு முன்னால் எத்தனை பேர் பேசலாம்? போன ஞாயிறு சாயங்காலம் எங்கள் மைசூரில் ஐந்து பேர் பேசினார்கள்.

ஐரோப்பாவிலிருந்து ஒரு பெரிய பியானோ வித்வான் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். அவருக்காகப் பெங்களூரிலிருந்து லாரியில் பியானோ வந்து இறங்கியிருந்தது. மனிதரை வாசிக்க விட வேண்டாமா? தலையில் மைசூர்ப் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை, கழுத்தில் சந்தன மாலை, கையில் பழத்தட்டு... பேட்டாவை எங்கே கழற்றி வைப்பதென்று தெரியாமல் பாவம், பியானோவின் மேலேயே வைத்துவிட்டார்.

என் பக்கத்தில் மகள் பத்மா. நாற்பது வயது, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டிக்கெட் வாங்கியது அவள்தான். "வாங்கோப்பா" என்றாள், போனேன்.

முதல் உருப்படி ஒரு நாக்டர்ன், இரவு நேரத்து மெல்லிசை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போலந்துக்காரர் ஒருவர் எழுதியது. நானோ ஐம்பது வருஷக் கர்நாடக சங்கீத ரசிகன். கை சும்மா இருக்குமா? மூன்று மூன்றாக வருகிறது என்று பிடித்துக்கொண்டு தொடையில் தட்ட ஆரம்பித்தேன்.

நாலாவது வரியிலேயே வித்வான் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். நின்றார். தயங்கினார். பிறகு அவசரமாக வந்து சேர்ந்துகொண்டார். எனக்கு எரிச்சலான எரிச்சல். உலகம் சுற்றுகிற மனிதருக்குத் தாளம் நிற்கவில்லையே... அவரைத் திருத்துவது என் பொறுப்பு என்பது போல இன்னும் பலமாகத் தட்டினேன்.

பின்வரிசைக்காரர் குனிந்து, "ஸ்வல்ப கை நில்லிஸி சார்" என்று, கையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சினார். நிறுத்தவில்லை. பத்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அப்பா, அவரோட இடது கையைப் பாருங்கோ. தாளம் அங்க இருக்கு."

பார்த்தேன். இடது கை, நல்ல மிருதங்கக்காரரைப் போல, இம்மி பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. பேசியதெல்லாம் வலது கை. ஒரு மேல் ஸ்வரத்தைத் தொடுமுன் அரை மூச்சு காத்திருந்தது. அதே மெட்டு மூன்று தடவை வந்தது. முதல் தடவை சொன்னார். இரண்டாம் தடவை, சொன்னது சரிதானா என்று யோசித்துப் பார்த்தார். மூன்றாம் தடவை – சொல்லாமலே விட்டுவிடலாமா என்பது போல, அவ்வளவு மெல்ல. பியானோவைச் சுத்தியல் வாத்தியம் என்று நினைத்திருந்தவன் நான். அது பாடியது.

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? நம் பாடகர் ஒரு சொல்லைச் சற்றே தள்ளிப் போட்டுவிட்டுத் தாளத்தோடு வந்து சேர்ந்தால், முதலில் "பலே" சொல்பவன் நானேதான்.

அதைவிடப் பெரிய வெட்கக்கேடு ஒன்று உண்டு. அந்த அரை மூச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

பத்மாவுக்கு அப்போது பதினாறு வயது. கான்வென்ட் ஆண்டு விழாவில் இதே உருப்படியை வாசித்தாள். இதே இடத்தில் காத்திருந்தாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, பெண்ணுக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்து, ஓங்கி ஓங்கித் தாளம் போட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் தாளத்துக்கு வாசிக்க முயன்றாள். விரல்கள் தடுமாறின. பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கற்றுக்கொடுத்த சிஸ்டர் எனக்கு விளக்க வந்தார். நான் கேட்டால்தானே? இவளுக்கு லயம் கிடையாது என்று எல்லார் எதிரிலும் தீர்ப்புச் சொல்லி, அந்த மாதமே கிளாஸை நிறுத்தினேன்.

கச்சேரி முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. முதலில் வித்வானைப் புகழ்ந்தேன். பிறகு மைக்கைத் திட்டினேன். ஐந்து பேச்சாளர்களையும் தனித்தனியாகத் திட்டினேன். எல்லாரையும் திட்டி முடித்த பிறகுதான், "தப்புப் பண்ணிட்டேம்மா" என்று வந்தது. மறுபடி கற்றுக்கொள், ஒரு பியானோ வாங்கித் தருகிறேன் என்றும் உளறினேன்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"பியானோ எல்லாம் வேண்டாம்ப்பா. எனக்கு லயம் இல்லைன்னு உங்க பத்தியில தமாஷா எழுதினேளே... எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தி அதை வாசிச்சுக் காட்டினா. எல்லாரும் சிரிச்சா. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். அது தப்புன்னு அங்கயே எழுதுங்கோ. தமாஷ் இல்லாம."

உண்மைதான். சில வருஷங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில், ஆண்டு விழாவில் பாதியில் ஓடிய பெண்ணைப் பற்றி எழுதினேன். நீங்களும் ரசித்துக் கடிதம் போட்டீர்கள். எனக்கு எத்தனை பெருமை!

தமாஷ் இல்லாமல் எழுதுகிறேன். என் மகள் பத்மாவுக்கு லயம் உண்டு. பதினாறு வயதிலேயே இருந்தது.

கேட்கத் தெரியாதவன் நான்.